ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

1974 பிப்ரவரி 11, திங்கள். ஆண்டிபட்டி.

நேற்று ஆராதனை முடிந்து வெளியே வரும்போது போதகர் பொன்னுராஜ் என்னைக் கைகாட்டி நிறுத்தினார். இந்த ஆண்டு ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்களில் புதன்கிழமைதோறும் சபையாரில் ஒருவர் பேச வேண்டும் என்று ஏற்பாடாம். எனக்கு மார்ச் 27. தலைப்பு: வேலையும் ஓய்வும்.

எனக்குப் பிரசங்கம் வராது, இருபத்தாறு வருஷமாகப் பத்திரிகைக்குச் செய்தி எழுதித்தான் பழக்கம் என்றேன். “அப்ப செய்தியாவே சொல்லுங்க, ஞானசிகாமணி. பிரசங்கம் கேட்டுச் சபைக்கும் அலுத்துப்போச்சு” என்றார்.

வீட்டுக்கு நடந்து வரும்போதே ஒரு வழி தோன்றியது. பத்து, இருபது பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்பது. வாரத்தில் எந்த நாள் உங்களுக்கு ஓய்வு, அன்று என்ன செய்வீர்கள்? பதிலை அவர்கள் சொன்னபடியே எழுதிக்கொள்வது. எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான்.

பிப்ரவரி 14, வியாழன்.

மூன்று நாளில் பதினோரு பேர். சிலவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

மதுரை பஸ் கண்டக்டர்: மாதம் நாலு நாள் லீவு உண்டு, ஆனால் வீட்டில் படுத்திருந்தாலும் காதுக்குள் விசில் கேட்கிறது. தறிக்காரர் ஒருவர்: நூல் வராத நாளெல்லாம் சும்மாதான் இருக்கிறார், அதை ஓய்வு என்று சொல்ல மனசு வரவில்லை. டீக்கடைக்காரர்: அமாவாசையன்று மதியத்துக்கு மேல் கடை அடைப்பு, அப்போதுதான் பாய்லரைத் தேய்க்க முடிகிறது. போதகர்: திங்கட்கிழமை என்று உடனே சொன்னார். பிறகு யோசித்து, போன நாலு திங்களில் இரண்டு அடக்க ஆராதனை, ஒரு கமிட்டிக் கூட்டம், ஒரு குடும்பச் சண்டை என்றார்.

கிருபாவதியிடம் கேட்டபோது புளி கரைத்துக்கொண்டிருந்தாள். “சர்ச்சுல பிரசங்கம் நடக்கிறப்ப கண்ண மூடி உக்காந்திருக்கேன்ல, அதுதான்” என்றாள். கல்யாணமாகி முப்பது வருஷமாக அதை ஜெபம் என்று நினைத்திருந்தேன்.

என் பதிலையும் எழுதினேன்: ஞாயிறு. அவள் எட்டிப் பார்த்தாள். ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்கு மேஜையில் உட்கார்ந்து எழுதி, ஆறு மணி பஸ்ஸில் மதுரைக்குச் செய்திக் கவர் கொடுத்துவிட ஓடுவது யார் என்று கேட்டாள். திங்கட்கிழமைப் பேப்பருக்குச் செய்தி வேண்டாமா என்றேன். ஆனால் அதை நான் வேலையாக எண்ணியதே இல்லை. ஏன்?

பிப்ரவரி 17, ஞாயிறு.

இன்று வேதபாடம் பத்துக் கட்டளைகள். ஓய்வுநாளைப் பற்றிய கட்டளையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். இன்று ஒரு நிருபன் கேட்பதுபோல் கேட்டேன்: இது யார் யாருக்கு? ஒரு பட்டியலே இருக்கிறது. வீட்டுக்காரன், அவன் பிள்ளைகள், வேலையாட்கள், மாடு, வாசலுக்கு வந்து தங்கிய அந்நியன் வரை.

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பதே முக்கால். அதே நேரத்தில், இரண்டு மைல் தள்ளி எங்கள் தோட்டத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஒச்சாண்டி மிளகாய்க்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார்.

தோட்டம் கிருபாவதிக்கு அவள் அப்பாவிடமிருந்து வந்தது. ஒன்றரை ஏக்கர். கிணறு நாலு பங்குதாரர்களுக்குப் பொது. யார் எந்தக் கிழமை இறைப்பது என்று பத்திரத்திலேயே முறை இருக்கிறது. எங்களுக்கு ஞாயிறு ஒரு நாள்தான். இப்போது மின்வெட்டு வேறு. பம்புசெட்டுக்குக் காலை ஏழிலிருந்து பதினொன்று வரைதான் கரண்ட். அந்த நாலு மணி நேரத்தை விட்டால் அடுத்த ஞாயிறுதான் தண்ணீர். ஒச்சாண்டி பதினோரு வருஷமாகப் பாதி வாரத்துக்குப் பயிர் செய்கிறார்; விளைவதில் பாதி அவருக்கு, பாதி எங்களுக்கு. அவருக்கு வேறு நிலம் இல்லை.

நான் பெஞ்சில் உட்கார்ந்து ஓய்வுநாளைப் பற்றிக் கேட்க, அவர் மடை மாற்றிக்கொண்டிருக்கிறார். பதினோரு வருஷம் இது என் கண்ணில் படவில்லை. ஊரில் நடப்பதைப் பார்த்து எழுதுவதுதான் என் தொழில்.

பிப்ரவரி 19, செவ்வாய்.

சைக்கிளில் தோட்டத்துக்குப் போனேன். ஒச்சாண்டி களை பார்த்துக்கொண்டிருந்தார். என் கேள்வியைக் கேட்டேன். மண்வெட்டியை ஊன்றி நின்று யோசித்தார்.

“மழை பெஞ்சா சும்மா இருப்பேன்யா. பொறகு... கரண்டு வராட்டி.”

ஞாயிற்றுக்கிழமை? அன்றைக்குத்தானே தண்ணீர் என்றார். மற்ற நாள் களை, மருந்து, அதுவும் இல்லாவிட்டால் அடுத்த தோட்டத்துக்குக் கூலி. ஒரு நாள் முழுக்க வேலை செய்யாமல் கடைசியாக இருந்தது எப்போது என்று கேட்டேன். போன ஐப்பசியில் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள். அப்போது என்ன செய்தீர்கள்?

“காச்சலோட கெடந்தேன்.”

எழுதிக்கொண்டேன். இதையெல்லாம் பேப்பரில் போடுவீர்களா என்று விசாரித்தார். இல்லை, சர்ச்சில் பேசுவதற்கு என்றேன். “நான் சும்மா கெடந்ததச் சர்ச்சுல பேசப் போறீகளா” என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே குனிந்தார். நான் இருந்த நேரம் முழுக்க அதை நினைத்து நினைத்துச் சிரித்தார்.

பிப்ரவரி 22, வெள்ளி.

வாரத்தில் ஏழு நாள் இருக்க, கிறிஸ்தவக் குடும்பத்துக்கு எப்படி ஞாயிறு முறை வந்தது? இதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. கிணற்றில் வெள்ளி, சனி முறை சுருளியாண்டியுடையது. முறை பிரித்த ஐம்பத்தொன்றில் உடனிருந்தவர். அவர் வீட்டுக்கே போய்க் கேட்டேன்.

“வாத்தியாரய்யாவுக்கு ஞாயித்துக்கெழமதான லீவு? மத்த நாளெல்லாம் பள்ளிக்கூடம் இருக்கேன்னு நாங்கதான் ரோசிச்சுக் குடுத்தோம்” என்றார், இன்னும் அந்தப் பெருமை குறையாமல்.

வாத்தியாரய்யா என்றது என் மாமனாரை. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். நல்லெண்ணத்தோடு கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை போலும். கிருபாவதி சொல்கிறாள்: கவலை ஏற்றம் கட்டி மாட்டை வைத்து இறைத்த காலத்தில், விடிவதற்கு முன்பே அப்பா இறைத்து முடித்துவிட்டுச் சர்ச்சுக்கு வந்துவிடுவார். அறுபத்துமூன்றில் மோட்டார் வந்தது. அதன் பிறகு நேரம் அவர் கையில் இல்லை, மின்சார ஆபீஸ் கையில். அப்போதுதான் ஒச்சாண்டியை அமர்த்தினார்.

எங்களோடு ஒரு நாளை மாற்றிக்கொள்ள முடியுமா என்று சுருளியாண்டியிடம் கேட்டேன். எழுத்தில் இருப்பதை மாற்றினால் நாளைக்கு அவர் மக்களும் எங்கள் மக்களும் கோர்ட்டில் நிற்பார்கள் என்றார். அதில் நியாயம் இருக்கிறது. நான் எழுந்தபோது, “ஊரையெல்லாம் கேள்வி கேக்குறீக. ஒங்க சாமிகிட்டச் சொல்லிக் கெழமைய மாத்திக்கிறக் கூடாதா?” என்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து சிரித்தது கேட்டது.

திங்கள், செவ்வாய் முறைக்காரி கஸ்தூரியம்மாளும் இதையே சொன்னார், கேலி இல்லாமல். புதனும் வியாழனும் வத்தலக்குண்டுப் பக்கம் இருக்கிறவருடையது; அவரை யார் தேடிப் போவது.

பிப்ரவரி 27, சாம்பல் புதன்.

இரண்டு நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். மாற்ற முடியாவிட்டால் விட்டுவிடுவது. ஞாயிறு மோட்டார் ஓட வேண்டாம். ஒச்சாண்டியும் ஓய்ந்திருக்கட்டும், நிலமும் ஓய்ந்திருக்கட்டும். லெந்து தொடங்கும் நாளில் இதைச் சொல்வது பொருத்தம் என்றும் தோன்றியது.

காலையில் போய்ச் சொன்னேன். சொன்ன வார்த்தைகள்: “இந்த ஞாயித்துக்கிழமையில இருந்து நீங்க வர வேண்டாம். மோட்டார் போட வேண்டாம். பாத்துக்கலாம்.”

மிளகாய் பூவெடுக்கிற சமயமாச்சே என்றார். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்றேன். குனிந்து ஒரு செடியைப் பார்த்தார். பிறகு, “சரிங்கய்யா.”

மனசு லேசாக இருக்கிறது.

மார்ச் 3, ஞாயிறு.

மோட்டார் ஓடவில்லை என்ற நினைப்போடு ஆராதனையில் இருந்தேன். நிம்மதி. 27-ஆம் தேதிப் பேச்சுக்கு இதையே சாட்சியாகச் சொல்லலாம்.

மார்ச் 5, செவ்வாய்.

சுருளியாண்டி வந்து மோட்டார் ரூம் சாவியை மேஜைமேல் வைத்தார். ஒச்சாண்டி அவரிடம் கொடுத்து, ஐயா வீட்டில் சேர்த்துவிடச் சொன்னாராம். மண்வெட்டியையும் கூடையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். ஏன் என்று கேட்டால் சுருளியாண்டி என் முகத்தையே பார்த்தார். “அது ஒங்களுக்குத்தானய்யா தெரியும்” என்றார்.

எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 6, புதன்.

தோட்டத்தில் ஆள் இல்லை. ஒரு தண்ணீர்தான் தவறியிருக்கிறது. இந்த வெயிலுக்கு அதுவே போதும். செடிக்கடியில் வெள்ளை வெள்ளையாகப் பூ உதிர்ந்து கிடக்கிறது. ஒரு பாத்தியில் நுனி வாடித் தொங்குகிறது. மத்தியானம் வரை வேப்பமரத்தடியில் காத்திருந்தேன். வரவில்லை.

மார்ச் 7, வியாழன்.

காலை எட்டு மணிக்கு வாசலில் ஒரு பெண் நின்றாள். உள்ளே வரச் சொன்னாலும் வரவில்லை. ஒச்சாண்டியின் மனைவி பொன்னாத்தாள். சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன்.

“எங்க ஆளு என்ன குத்தம் செஞ்சாகன்னு சொல்லிப்புடுங்கய்யா. மொதல்ல தண்ணிய நிறுத்துவீக. பொறகு பயிரு வாடுனதக் காட்டி, இவன் சரியில்லன்னு நெலத்த வாங்கிக்கிருவீக. கெங்குவார்பட்டியில என் தம்பிக்கு இப்படித்தான் செஞ்சாக. பேசாம வெளிய போன்னு மொகத்துக்கு நேரா சொல்லியிருக்கலாம்.”

கிருபாவதிதான் அவளைக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

இது எழுபத்திரண்டில் நானே எழுதிய செய்தி. குத்தகைக்காரர் பெயரைப் பதிவு செய்யும் சட்டம் வந்த பிறகு, பதிவாவதற்கு முன் ஆளைக் கிளப்பிவிட நிலக்காரர்கள் என்னென்ன செய்கிறார்கள் என்று மூன்று ஊருக்குப் போய் விசாரித்து எழுதினேன். ‘முதலில் தண்ணீரை நிறுத்துகிறார்கள்’ என்பது என் வாக்கியம். அந்தப் பழைய பேப்பரை எடுத்துப் பார்த்தேன். அப்படியேதான் இருக்கிறது.

இந்த ஞாயித்துக்கிழமையில இருந்து நீங்க வர வேண்டாம், மோட்டார் போட வேண்டாம், பாத்துக்கலாம் – இதை அவர் வேறு எப்படிக் கேட்டிருக்க முடியும்? ஓய்வு என்ற வார்த்தையை நான் ஒரு தரம்கூடச் சொல்லவில்லையே. அட மடையா.

மார்ச் 8, வெள்ளி.

ஒச்சாண்டி வீட்டுக்குப் போனேன். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. கட்டிலை எடுத்துப் போட்டார், அவர் நின்றார். நானும் நின்றேன். கடைசியில் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தோம்.

நிலத்தை எடுக்கும் எண்ணமே இல்லை, வாரத்தில் ஒரு நாள் நீங்கள் ஓய்வு எடுக்க வேண்டும் என்றுதான் சொன்னேன் என்றேன்.

“எனக்கு என்னங்கய்யா சீக்கு?”

சீக்கு இல்லை, எங்கள் வேதத்தில் அப்படி ஒரு கட்டளை என்று விளக்கினேன். வேலையாளுக்கும் மாட்டுக்கும்கூட உண்டு என்றேன். மாட்டுக்குமா என்று ஆச்சரியப்பட்டார். அது நல்ல ஏற்பாடு என்று ஒப்புக்கொண்டார். பிறகு முற்றத்தைப் பார்த்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

“நீங்க கோயில்ல போயி உக்காந்திருக்கீக. திங்கக்கெழம ஒங்க வேல அங்கனயே இருக்கும்னு தெரியும். நான் ஒரு நாளு எந்திரிச்சுப் போனா, மறுநாளு அந்த எடம் எனக்கு இருக்குமாய்யா?”

இருக்கும் என்றேன். தலையை ஆட்டினார். நம்பி ஆட்டவில்லை, மரியாதைக்கு ஆட்டினார். இத்தனை வருஷமாக ஆட்களின் முகத்தைப் பார்த்து வருகிறேன், அது தெரியும்.

நாளை மறுநாள் நான் தண்ணீர் கட்டப் போகிறேன், பயிர் உங்கள் பயிர்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன். சாவியை அவர் வாங்கவில்லை.

மார்ச் 9, சனி.

அந்தக் கேள்வி விடவே இல்லை. முப்பது பேரிடம் கேட்டிருக்கிறேன். யாரும் இப்படித் திருப்பிக் கேட்கவில்லை. நாளைக்கும் தனக்கு இடம் இருக்கும் என்று தெரிந்தவனுக்குத்தான் இன்றைக்கு உட்கார முடியும். பாலைவனத்தில் வானத்திலிருந்து விழுந்த மன்னா உணவை ஏழாம் நாள் பொறுக்க வேண்டாம் என்று சொன்ன கதையிலும், முந்தின நாளே இரண்டு பங்கு கொடுத்துவிட்டுத்தானே கர்த்தர் சொல்கிறார்? நான் ஒன்றும் கொடுக்காமல் சொன்னேன்.

வாய்ச்சொல் போதாது என்றால் இருப்பது ஒன்றுதான். தாலுகா ஆபீஸ் பதிவில் ஒச்சாண்டியைச் சாகுபடிக்காரராக எழுதுவது. எழுதிவிட்டால் பிறகு நிலத்தை விட்டு அவரை எழுப்ப முடியாது. நிலத்தை விற்பதும் கஷ்டம். நான் வேலையை விட்டதும் அதை விற்றுத் தேனியில் ஒரு வீடு வாங்குவதாக இரண்டு பேரும் பேசி வைத்திருக்கிறோம்.

நிலம் கிருபாவதியுடையது. சுற்றி வளைக்காமல் சொன்னேன். முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டே கேட்டாள். தேனி வீடு போனால் என்ன, இந்த வீடு என்ன ஒழுகுகிறதா என்றாள்.

ஒழுகுகிறது என்றேன்.

“அப்ப ஓட்ட மாத்துங்க.”

அவ்வளவுதான். மறுபடி புடைக்கத் தொடங்கிவிட்டாள்.

மார்ச் 10, ஞாயிறு.

ஏழு மணிக்கு மோட்டார் போட்டேன். பாத்தி நிறைந்ததும் அதன் மடையை அடைத்து அடுத்ததைத் திறக்க வேண்டும். பார்த்தால் சின்னப் பிள்ளை வேலை. எட்டு மணிக்குள் வாய்க்கால் இரண்டு இடத்தில் உடைந்தது. ஒன்றை அடைப்பதற்குள் மற்றதன் வழியாகத் தண்ணீர் கஸ்தூரியம்மாளின் கம்புக் கொல்லைக்குப் போய்விட்டது. என் செருப்பு ஒன்றையும் இழுத்துக்கொண்டு போனது.

நிமிர்ந்தபோது வரப்பில் ஒச்சாண்டி குந்தியிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. இறங்கவில்லை. இன்றைக்கு அவருக்கு வேலை இல்லை என்று நான் சொன்னதை அப்படியே கடைப்பிடித்தார். வாய் மட்டும் கடைப்பிடிக்கவில்லை.

“மண்ணப் பாத்து வெட்டுங்கய்யா, தண்ணியப் பாத்து வெட்டுறீக... அந்தா, பொறத்தாலே போகுது... அது நெறஞ்சு நாழியாச்சு.”

பதினோரு மணிக்குக் கரண்ட் நின்றபோது பாதிக்கு மேல் பாய்ந்திருந்தது. உள்ளங்கையில் நாலு கொப்புளம். பேனா பிடிக்க முடியாமல் மதுரைக்கு இரண்டே இரண்டு செய்தி எழுதினேன்.

மார்ச் 13, புதன்.

லெந்துக் கூட்டம். கமிட்டியைச் சேர்ந்த செல்வமணி, தேனி பஜாரில் ஜவுளி வியாபாரம், எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்: நிருபருக்கு ஆராதனை இப்போது தோட்டத்தில்தானாமே? ஓய்வுநாளைப் பற்றிப் பேசப் போகிறவர் ஓய்வுநாளில் மண்வெட்டி தூக்கினால் சபைக்கு என்ன சாட்சி?

நியாயமான கேள்விதான். மற்றவன் உழைக்க நான் உட்கார்ந்திருந்தபோது இந்தக் கேள்வி யாருக்கும் வரவில்லை என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. எனக்கே வந்து மூன்று வாரம்தான் ஆகிறது.

போதகர் என்னைத் தனியே கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு ஆராதனை நடக்கிறது, எட்டுப் பேர்தான் வருகிறார்கள், நீங்களும் கிருபாவதியும் வந்தால் பத்தாகும் என்றார். ஆறு மணிக்கு மதுரை பஸ்ஸுக்குக் கவர் கொடுக்க வேண்டுமே என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

மார்ச் 19, செவ்வாய்.

ஒச்சாண்டியையும் கிருபாவதியையும் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீஸ். விண்ணப்பத்தில் அவர் கைநாட்டு, சம்மதத்துக்குக் கிருபாவதியின் கையெழுத்து. குமாஸ்தா மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நிலக்காரரே வந்து பதியச் சொல்வது இந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகு இரண்டாவது தடவை என்றார். முதலாவது யார் என்று கேட்டேன். அவருக்கு நிலம் எங்கே இருக்கிறது என்றே தெரியாதாம்.

பஸ்ஸில் திரும்பும்போது ஒச்சாண்டி என் உள்ளங்கையைப் பார்த்தார். இறங்கும்போது, ஞாயிற்றுக்கிழமைக்குச் சின்ன மண்வெட்டி கொண்டுவருவதாகச் சொன்னார். என் கைக்கு அவருடையது கனமாம்.

மதுரைக்குக் கடிதம் போட்டேன்: விபத்து, சாவு தவிர இனி ஞாயிற்றுக்கிழமை செய்தி அனுப்ப இயலாது.

மார்ச் 27, புதன்.

பேசினேன். பேசினேன் என்பதைவிட வாசித்தேன் என்பது சரி. முப்பத்திரண்டு பேர் சொன்ன பதிலை, பெயர் சொல்லாமல், அவர்கள் சொன்னபடியே வாசித்தேன். காய்ச்சலோடு கிடந்ததை வாசித்தபோது சிரித்தார்கள். பிரசங்க நேரத்தில் கண்ணை மூடுவதை வாசித்தபோது பெண்கள் பக்கம் இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள், போதகரும்தான். கடைசியாக, பதிலாக வந்த அந்தக் கேள்வியை வாசித்தேன். நான் ஒருவரை ஓய்வெடுக்கச் சொன்னதையும் அதை அவர் எப்படிக் கேட்டார் என்பதையும் சொன்னேன். உட்கார்ந்துவிட்டேன்.

வாசலில் செல்வமணி என் பக்கத்தில் வந்து நின்றார். ஞாயிறு கடை அடைப்பதால் ஆட்களுக்கு அன்றைக்குக் கூலி கிடையாது, அதை இதுவரை யோசித்ததில்லை என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லையே என்றேன். “கேக்கலங்கிறீக, ஆனா கேட்டாப்புல இருக்கே” என்று கோபமாகத்தான் போனார்.

ஏப்ரல் 1, திங்கள்.

பேப்பர் வந்தது. நேற்று நான் எதுவும் அனுப்பவில்லை. எங்கள் பகுதிச் செய்திப் பக்கம் எப்போதும்போல் நிரம்பித்தான் இருக்கிறது. டீக்கடையில் நாலு பேர் வாசித்தார்கள். ஒருவரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை.

முதலில் கொஞ்சம் வலித்தது. இப்போது அந்த வலியைத்தான் ஆச்சரியமாகப் பார்க்கிறேன். நான் இல்லாவிட்டால் திங்கட்கிழமை வராது என்று நினைத்திருந்தேனா?

ஏப்ரல் 7, ஞாயிறு.

குருத்தோலை ஞாயிறு. மறுபடி நான்தான் தண்ணீர். வாய்க்கால் உடையவில்லை. வரப்பிலிருந்து பாராட்டு: “பரவால்ல. இன்னும் ரெண்டு வருசத்துல கத்துக்கிருவீக.” மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தேன். முழித்தபோது நாலரை. ஞாயிறு மத்தியானத்தில் எங்கள் தெருவில் இவ்வளவு குருவி கத்துமா?

ஏப்ரல் 15, திங்கள்.

நேற்று ஈஸ்டர். சித்திரை ஒன்றும் நேற்றுதான். உங்கள் பெரிய நாள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒச்சாண்டி சொன்னார். உங்களுக்கு வருஷப் பிறப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நான் சொன்னேன். வாக்குவாதத்தில் கடைசியில் இரண்டு பேரும் போகவில்லை. மோட்டார் சும்மா கிடந்தது. இன்று காலை கஸ்தூரியம்மாள் தன் முறையில் ஒரு மணி நேரம் விட்டுக்கொடுத்தார். கம்புக் கொல்லைக்கு நான் பாய்ச்சிய தண்ணீரில் கழித்துக்கொண்டாராம்.

ஏப்ரல் 30, செவ்வாய்.

பதிவு ஆகிவிட்டது. நகலை ஒச்சாண்டியிடம் கொடுத்தேன். வாசித்துக் காட்டச் சொன்னார். தன் பெயர் வந்த இடத்தில் விரலை வைத்து, இன்னொரு தடவை என்றார். பிறகு மோட்டார் ரூம் சாவியைக் கேட்டு வாங்கி இடுப்பில் முடிந்துகொண்டார்.

முதல் பறிப்பு நடக்கிறது. அந்த ஒரு தண்ணீர் தவறியதால் காய்ப்பு குறைவு. அடுத்த பறிப்பு சரியாக வரும் என்கிறார். எங்கள் பாதியில் அந்தக் குறையைக் கழித்துக்கொள்ளச் சொன்னேன். அது என் தப்பு. மறுத்தார், பிறகு ஒப்புக்கொண்டார்.

மே 12, ஞாயிறு.

ஏழு மணிக்குப் போனேன். மோட்டார் ரூம் திறந்திருந்தது, சாவி பூட்டிலேயே தொங்கியது. வரப்பில் ஆள் இல்லை. இந்த இரண்டு மாதத்தில், தண்ணீர் கட்டுவது நானாக இருந்தாலும், ஈஸ்டரைத் தவிர அவர் வராத ஞாயிறு இல்லை. ஒன்பது மணி வரை அடிக்கடி பாதையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தேன். பழைய பயம் திரும்பி வந்தது. மறுபடி என்ன சொன்னேன்? நேற்று சந்தித்தபோது பேசியதை ஒவ்வொரு வார்த்தையாக நினைத்துப் பார்த்தேன்.

ஒன்பதரைக்குப் பொன்னாத்தாள் வந்தாள். முகம் சரியில்லை. விடியக்காலம் வந்து பூட்டைத் திறந்து வைத்துவிட்டுப் போனாராம். கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை.

“பகல்ல அவுக தூங்கி நான் பாத்ததில்லய்யா. நெத்தியத் தொட்டுப் பாத்தேன், சூடு இல்ல. கொறட்ட விடுறாக. எழுப்பவா?”

எழுப்ப வேண்டாம் என்றேன்.

கொஞ்ச நேரம் நின்றாள். அவர் வழக்கமாகக் குந்தும் இடத்துக்குத் தள்ளி வரப்பில் உட்கார்ந்தாள். தண்ணீர் பாத்தி பாத்தியாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு யோசனை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எழுந்து, சத்தம் போடாமல் நடக்கிறவள்போல், வீட்டுப் பக்கம் போனாள்.

பதினோரு மணிக்குக் கரண்ட் நின்றது. தெற்கு ஓரம் கடைசி இரண்டு பாத்திக்குத் தண்ணீர் எட்டவில்லை. அதை நாளைக்கு அவரிடம் சொல்ல வேண்டும்.